கோடை வந்தாலே கட்டி வருகிறது, ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பேருந்து ஓட்டுநரான உங்கள் கணவருக்கு 41 வயது. மூன்று கோடைகளாகத் தொடையிலும் புட்டத்திலும் பிடரியிலும் மாறி மாறிக் கட்டி வருகிறது. உடம்புச் சூடு, மாம்பழத்தை நிறுத்து என்கிறார் மாமியார். மருந்துக் கடையில் மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கிப் போட்டால் அடங்குகிறது, கொஞ்ச நாளில் வேறு இடத்தில் கிளம்புகிறது. இப்போது ஒன்பது வயது மகனுக்கும் முழங்காலுக்கு மேலே ஒன்று வந்திருக்கிறது. இது சூடா, ரத்தம் கெட்டுவிட்டதா, எந்த மாத்திரை போட்டால் நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: போன கட்டி ஏன் திரும்பி வருகிறது? இன்றைக்கு இருக்கிற கட்டியை ஆற்றுவது ஒரு வேலை, அடுத்தது வராமல் பார்ப்பது வேறு வேலை. உங்கள் வீட்டில் முதல் வேலை மட்டும்தான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

நான் தோல் மருத்துவன். அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் பல வருடம் இருந்தவன். ஏப்ரல், மே மாதங்களில் இதே கதையோடு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு கட்டியைத் தொட்டு அழுத்திப் பார்க்காமல் இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. நீங்கள் விவரித்ததை வைத்துப் பெரும்பாலும் இதுதான் என்று நினைத்து எழுதுகிறேன். எங்கே என் ஊகம் தவறலாம் என்பதையும் சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிப்போம். தோலில் முடி முளைக்கும் குழிக்குள் கிருமி புகுந்து ஆழத்தில் சீழ் பிடிப்பதுதான் கட்டி. பெரும்பாலும் அந்தக் கிருமி ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். சீழில் இந்த வகைக் கிருமிகளைக் கண்டு 1880களின் தொடக்கத்தில் பெயர் வைத்தவர் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். கட்டிக்கு இதுதான் காரணம் என்பதைத் தன் உடம்பிலேயே காட்டியவர் கார்ல் காரே என்ற சுவிஸ் மருத்துவர். 1885ல் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கிருமியை எடுத்துத் தன் முன்கையில் நன்றாகத் தேய்த்துக்கொண்டார். காயம் எதுவும் இல்லாத தோல்தான். சில நாளில் அங்கே கட்டிகள் கிளம்பிவிட்டன. இந்தச் சோதனையை நான் நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வேன், ஏனென்றால் உங்கள் கணவரின் விஷயம் முழுக்க அதற்குள் இருக்கிறது. கட்டி வரக் கிருமி வேண்டும், அதை முடிக்குழிக்குள் தள்ள ஓர் உராய்வும் வேண்டும். பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில், எஞ்சின் சூட்டில், வியர்வையில் ஊறிய கால்சட்டையோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த உராய்வு தினமும் கிடைக்கிறது. தொடையும் புட்டமும் இருக்கையில் தேய்கின்றன, பிடரி சட்டைக் காலரில் தேய்கிறது. கட்டி வரும் இடங்களை நீங்களே சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. கோடைக்கும் கட்டிக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் அது உடம்புக்கு உள்ளே ஏறும் சூடு அல்ல, தோலுக்கு வெளியே இருக்கிற வெக்கையும் வியர்வையும். ஊறிப்போன தோலில் கிருமி சுலபமாகப் பெருகும், வேர்க்குருவைச் சொறிகிற நகம் அதற்கு வழி திறந்துவிடும். மாம்பழம் மாட்டிக்கொண்டது பருவத்தால். அதுவும் அக்னி நட்சத்திரமும் ஒரே சமயத்தில் வருவதால் பழி அதன் மேல் விழுகிறது. காம்பில் வடியும் மாம்பால் பட்டு உதட்டோரம் வெந்துபோவதுண்டு, அது ஒவ்வாமை, வேறு விஷயம். மாம்பழம் சாப்பிட்டதால் தொடையில் சீழ்க்கட்டி வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முட்டை, கோழிக்கறி, கத்தரிக்காய்க்கும் இதே பதில்தான். ரத்தம் கெட்டுவிட்டது, சுத்தம் செய்ய வேண்டும் என்று விற்கிற டானிக்குகளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். ரத்தத்தில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, சர்க்கரை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது இருக்கிற கட்டியை என்ன செய்வது? சிவந்து, கல் மாதிரி கெட்டியாக, தொட்டால் வலிக்கிற நிலையில் இருந்தால் சுடுநீர் ஒத்தடம்தான் முதல் மருந்து. சுத்தமான துணியைப் பொறுக்கிற சூட்டில் நனைத்துப் பிழிந்து பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. வெதுவெதுப்பால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடும். சில கட்டிகள் அப்படியே வற்றிவிடும், மற்றவை சீக்கிரம் பழுத்து வாய் திறக்கும். நம் வீடுகளில் உளுந்து மாவைக் கிண்டிச் சூடாகப் பற்றுப் போடுவதும், மஞ்சளை அரைத்துச் சூடாக்கிப் போடுவதும் இந்த ஒத்தடத்தின் வேலையைத்தான் செய்கின்றன. தோல் முழுதாக இருக்கும்வரை அவற்றில் குறை சொல்ல மாட்டேன். உடைந்து புண்ணானபின் எந்த மாவையும் அப்பக் கூடாது. சுண்ணாம்பும் எருக்கம்பாலும் எந்த நிலையிலும் வேண்டாம். இரண்டும் தோலை வேக வைத்துவிடும், எருக்கம்பால் தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கட்டியைவிடப் பெரிய புண்ணோடு வந்தவர்களைப் பார்த்த வேதனையில் சொல்கிறேன்.

பிதுக்கவே கூடாது. வெள்ளை முனை தெரிந்ததும் கை பரபரக்கும், புரிகிறது. சீழைச் சுற்றி உடம்பு தன் அணுக்களால் ஒரு சுவர் கட்டிக் கிருமியை அடைத்து வைத்திருக்கிறது. பிதுக்கும்போது பாதிச் சீழ் வெளியே வரும், மீதி அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே பரவும். குண்டூசி, பிளேடு எதுவும் வேண்டாம். முக்கியமாக மூக்கு, மேலுதடு, மூக்கைச் சுற்றிய கன்னத்தில் வரும் கட்டியை விரலால் சீண்டாதீர்கள். அந்தப் பகுதி ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் பின்னால் போய் மூளைக்கு அடியில் இருக்கிற பெரிய சிரைக்குழியோடு சேர்கின்றன. அங்கே தொற்று போய் ரத்தம் உறைவது அபூர்வம், ஆனால் நடந்தால் உயிரோடு விளையாட்டு. முகத்துக் கட்டியோடு கண் இமை வீங்கினாலோ, கடுமையான தலைவலி, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை.

மற்ற இடங்களில் எப்போது காட்ட வேண்டும்? காய்ச்சல், குளிர் வந்தால். சுற்றிலும் சிவப்பு நாளுக்கு நாள் விரிந்தால். அதிலிருந்து சிவப்புக் கோடு ஓடினால். எலுமிச்சை அளவுக்குப் பெரிதானால். ஒரு வாரத்தில் உடையவும் இல்லை, வற்றவும் இல்லை என்றால். தொடைக் கட்டிக்கு இடுக்கில் நெறி கட்டுவது சகஜம், அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிடரியிலோ முதுகிலோ ஒரே வீக்கத்தில் பல கண்கள் திறந்து சீழ் வந்தால் அது சாதாரணக் கட்டி அல்ல, ராஜபிளவை. பக்கத்துப் பக்கத்து முடிக்குழிகள் எல்லாம் அடியில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம், வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை. ஆசனவாய்க்குப் பக்கத்தில் வரும் கட்டியையும் தள்ளிப்போடாதீர்கள், அது பௌத்திரமாக, அதாவது ஆறாமல் சீழ் கசியும் துளையாக, மாறலாம். சர்க்கரை நோயாளிக்கு விரைப்பை, தொடை இடுக்குப் பக்கம் வீங்கி, தாங்க முடியாத வலியோடு தோல் கறுத்துக்கொண்டே வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

பழுத்து மெத்தென்று ஆன கட்டிக்கு மருந்து, கீறிச் சீழை வெளியேற்றுவதுதான். இதைச் சொன்னால் பலருக்கு முகம் மாறிவிடும், மாத்திரையிலேயே கரைத்துவிடுங்கள் டாக்டர் என்பார்கள். சீழ்க்குழிக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் மாத்திரை அங்கே போதுமான அளவு போய்ச் சேராது. கீறும்போது மரத்துப்போக ஊசி போடுவோம். வீங்கிச் சிவந்த இடத்தில் அந்த ஊசி முழுசாக வேலை செய்யாது, கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் சீழும் முளையும் வெளியே வந்த நிமிடமே விண்விண்ணென்று தெறித்த வலி அடங்கிவிடும். இரவெல்லாம் தூங்காதவர்கள் கட்டுப் போடும் அறையிலேயே கண் அசந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் தினமும் கட்டு மாற்றி வந்தால் சின்னக் கட்டி ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும்.

அப்படியானால் மாத்திரையே வேண்டாமா? இந்த இடத்தில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து மாறி வந்திருக்கிறது. நான் படித்த காலத்தில் சின்னக் கட்டிக்குக் கீறினால் போதும் என்று கற்றுக்கொடுத்தார்கள். 2017ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், 5 சென்டிமீட்டர் வரையிலான சீழ்க்கட்டிகளைக் கீறிய பிறகு சிலருக்கு ஆன்டிபயாடிக், சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை போட்டவர்களில் 100க்கு 69 பேர் குணமானார்கள், மருந்து போட்டவர்களில் 82, 83 பேர். இதில் இரண்டு சேதிகள் இருக்கின்றன. மாத்திரை உதவுகிறது. ஆனால் அது இல்லாமலே, கீறியதிலேயே பெரும்பாலோர் குணமாகிவிட்டார்கள். அதனால் காய்ச்சல், சுற்றிப் பரவிய சிவப்பு, சர்க்கரை, முகத்தில் கட்டி, திரும்பத் திரும்ப வருவது, இவை இருந்தால் மாத்திரை சேர்ப்பேன். இந்தப் பட்டியலின் கடைசிக் காரணம் உங்கள் கணவருக்குப் பொருந்துகிறது.

கடையில் வாங்கும் மூன்று நாள் மாத்திரையில் எனக்கு இரண்டு வருத்தங்கள். ஒன்று, கொடுப்பது பெரும்பாலும் வெறும் அமாக்சிசிலின். இந்தக் கிருமியில் பெரும்பான்மை, பென்சிலின் குடும்ப மருந்தை உடைக்கும் நொதியைச் சுரக்கிறது. குளோக்சாசிலின், செஃபலெக்சின் போன்றவை அந்த நொதிக்குத் தாக்குப்பிடிக்கும், அமாக்சிசிலின் தனியாகப் போனால் தாங்காது. உங்கள் கணவருக்கு அடங்கியது மாத்திரையால் என்பதைவிட, கட்டி தானே உடைந்ததால் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவது, அரைகுறையாகப் போட்டுப் போட்டு நாமே கிருமியைப் பழக்கிவிடுகிறோம். மெத்திசிலின் என்ற மருந்து வந்த ஓரிரு வருடத்திலேயே, 1961ல், அதற்கு அடங்காத வகையை இங்கிலாந்தில் கண்டுவிட்டார்கள். எம்ஆர்எஸ்ஏ என்று சொல்கிற அந்த வகை இன்று நம் ஊரிலும் மருத்துவமனை வாசலைத் தாண்டி வீடுகளுக்குள் இருக்கிறது. அதனால் அடுத்த கட்டியைக் கீறும்போது சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று நாளில் எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று எழுதியே வந்துவிடும். அப்புறம் ஊகத்தில் மருந்து போட வேண்டியதில்லை. கடையில் தரும் மூன்று நான்கு மருந்து கலந்த அரிப்புக் களிம்பையும் கட்டியில் தடவாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கும், சிவப்பைக் குறைத்துக் காட்டிவிட்டு உள்ளே தொற்றை வளர விடும்.

சரி, திரும்ப வரும் காரணத்துக்கு வருவோம். முதலில் சர்க்கரை. 41 வயதில், உட்கார்ந்தே செய்கிற வேலையில், மூன்று வருடமாகக் கட்டி என்றால் நான் கேட்கிற முதல் பரிசோதனை இதுதான். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ சர்க்கரை நோய். தனக்குச் சர்க்கரை இருப்பதையே கட்டி வந்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் ஏராளம். அப்படி இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் களிம்பும் சோப்பும் பெரிதாகப் பலன் தராது.

சர்க்கரை இல்லை என்று வந்தால் அடுத்தது கிருமியின் இருப்பிடம். பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் மூக்குத் துவாரத்துக்குள் இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டு, ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கிறார்கள். மூக்கைத் தொட்ட விரல் தொடையைச் சொறியும்போது அது இடம் மாறுகிறது. துண்டு, சோப்பு, சவரக் கத்தி, தலையணை வழியாக வீட்டில் அடுத்தவருக்கும் போகிறது. உங்கள் மகனுக்கு வந்ததை இப்படித்தான் பார்க்கிறேன், அவன் தின்ற மாம்பழத்தால் அல்ல. இதற்கு வழக்கமாகச் சொல்லும் முறை ஒன்று உண்டு. முப்பிரோசின் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பைத் தீக்குச்சித் தலை அளவு இரண்டு மூக்குத் துவாரத்திலும் காலை, இரவு என ஐந்து நாள் தடவுவது. அதே ஐந்து நாளும் 4 சதவீதக் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தைக் கழுத்துக்குக் கீழே சோப்பு போலத் தேய்த்து, அக்குள், தொடை இடுக்கு, புட்டம் விடாமல், ஓரிரு நிமிடம் விட்டுக் குளிப்பது. கண்ணிலும் காதிலும் படக் கூடாது. அந்த நாட்களில் துண்டு, உள்ளாடை, போர்வை, தலையணை உறையை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு சவரக் கத்தி. இதை ஆறாத கட்டி இருக்கும்போது ஆரம்பிப்பதில் பயன் குறைவு, ஆறியபின் செய்யுங்கள், மருத்துவர் எழுதித் தந்தபின் செய்யுங்கள்.

இதை ஒருவர் மட்டும் செய்வதா, வீடே செய்வதா? அமெரிக்காவில் கட்டி வந்த குழந்தைகளை வைத்து 2012ல் வெளிவந்த ஆய்வில் இதைத்தான் ஒப்பிட்டார்கள். குழந்தைக்கு மட்டும் செய்த வீடுகளில் ஒரு வருடத்துக்குள் 100க்கு 72 பேருக்குத் தோல் தொற்று மறுபடி வந்தது. குடும்பம் முழுக்கச் செய்த வீடுகளில் 52. ஆக நீங்கள், கணவர், மகன், மாமியார் எல்லோரும் ஒரே வாரத்தில் செய்வது நல்லது. ஆனால் அந்த 52ஐயும் பாருங்கள். வீடே செய்தும் பாதிப் பேருக்கு வந்திருக்கிறது. கிருமியை விரட்டினாலும் சில மாதத்தில் அது மறுபடி குடியேறுவதுண்டு. இனி வரவே வராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். எண்ணிக்கை குறையும், இடைவெளி நீளும், அந்த அளவுக்கு நானும் உறுதி சொல்வேன்.

வேப்பிலைத் தண்ணீரில் குளிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். குளிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் குளோரெக்சிடினுக்கு ஈடாகக் கட்டியைத் தடுக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது. இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்குக் கட்டி அதிகம் வருமா என்பதிலும் முடிவு தெளிவாக இல்லை. ரத்தசோகை இருந்தால் அதற்காகவே மாத்திரை போடுங்கள். வேலை விஷயத்தில் சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியவை: இருக்கையில் பிளாஸ்டிக் உறை இருந்தால் மேலே ஒரு பருத்தித் துண்டைத் தனியாக விரித்து, தினமும் அதைத் துவைக்க வேண்டும். நைலான் கலந்த இறுக்கமான உள்ளாடையை விட்டுத் தளர்வான பருத்திக்கு மாற வேண்டும். மதியம் டிப்போவில் சட்டை, பனியன் மாற்ற முடிந்தால் மாற்ற வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் குளிக்க வேண்டும். புட்டத்தையும் தொடையையும் நார் வைத்து அழுத்தித் தேய்ப்பதை நிறுத்த வேண்டும். அழுக்கு போகிறது என்று நினைத்துச் செய்வது, காரே செய்த சோதனையையே தினமும் வீட்டில் செய்வதாகிவிடும்.

என் ஊகம் தவறக்கூடிய இடங்கள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். கட்டிகள் அக்குளிலும் தொடை இடுக்கிலும் மட்டும், அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து, கறுத்த புள்ளிகளும், தோலுக்கடியில் கயிறு போல வடுவும், ஆறாமல் கசிகிற துளைகளும் இருந்தால் அது ஹைட்ராடெனிடிஸ் சப்புரடிவா என்ற தனி நோய். முடிக்குழி அடைபட்டு உடம்பின் சொந்த அழற்சியால் வருவது. கீறிக் கீறி விடுவதால் அது தீராது. புகை பிடிப்பவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் அதிகம். இதைக் கண்டுபிடிக்கவே பலருக்கு வருடக்கணக்காகிறது, அதுவரை சுத்தமில்லாதவர் என்ற பேச்சைச் சுமக்கிறார்கள், அது பெரிய அநியாயம். கார்ல் மார்க்ஸ் பல வருடம் புலம்பிய கட்டிகள் இந்த நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று 2007ல் ஒரு பிரிட்டிஷ் தோல் மருத்துவப் பேராசிரியர் எழுதினார். உங்கள் கணவருக்கு இடம் மாறி மாறி வருவதால் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு. இன்னொன்று, கழுத்திலோ அக்குளிலோ வலியும் சூடும் இல்லாமல் மெதுவாகப் பெரிதாகி, உடைந்தால் வாரக்கணக்கில் ஆறாத கட்டி. நம் நாட்டில் அதைக் காசநோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் வேறு யோசிக்க வேண்டும்.

அடுத்த விடுமுறை நாளில் கணவரை அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், இதுவரை போட்ட மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போங்கள், காலையில் சாப்பிடாமல் போனால் சர்க்கரையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். மகனையும் காட்டுங்கள். விரலிடுக்கு, மணிக்கட்டில் இரவு நேர அரிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள், சிரங்கு இருந்து அதைச் சொறிந்த இடத்தில் சீழ் பிடித்திருந்தால் சிரங்குக்கும் மருந்து வேண்டியிருக்கும். கட்டியை நன்றாக மூடிக் கட்டுப் போட்டிருந்தால் அவன் பள்ளிக்குப் போகலாம். ஆறும்வரை கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ இறங்க வேண்டாம், கபடியும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும். கட்டு மாற்றியவுடன் பழைய பஞ்சைப் பையில் முடிந்து குப்பையில் போட்டுவிட்டு நீங்கள் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.